நாட்பட்ட நோவைப் பொறுத்திருக்க வேண்டாம்

அடிபட்ட நாரி, தோள்மூட்டு, ஷெல் துண்டு பட்ட கால் 3 மாதத்துக்கு மேலாக நோகுதா? அது நாட்பட்ட நோ. "கேஸ் முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்று இருக்காதீர்கள்.

இங்கிலாந்தில் நீங்கள் குடும்ப வைத்தியரிடம் (ஜீ.பி.) இலவசமாகப் பதியலாம். பாஸ்போட்டோ விலாச ஆதாரமோ இல்லை என்பதற்காக உங்களை மறுக்கக் கூடாது.

நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை. பிள்ளைகளை வைத்துக் கதைக்க வேண்டாம். அவர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

"உடம்பெல்லாம் நோகுது" என்றால் வைத்தியருக்கு விளங்காது. எந்த இடம்? குத்துதா, உளையுதா, எரியுதா, விறைக்குதா? நித்திரை கெடுதா? இவற்றைச் சொல்லுங்கள். தடுப்புக்காவலில் அடிபட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சரியான சிகிச்சைக்கு அது தேவை; அந்தப் பதிவு பின்னர் உங்கள் வழக்கறிஞருக்கும் உதவலாம்.

மாத்திரை மட்டும்தான் வழி என்றில்லை. பிசியோதெரபி, உடற்பயிற்சி, உளவளத்துணை பற்றியும் கேளுங்கள்.

எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் வைத்தியர் எழுதித்தரும் மருந்து இலவசம். இல்லாவிட்டால் எச்.சி.1 படிவம் நிரப்பி விண்ணப்பியுங்கள்.

கடையில் வாங்கும் 500 மில்லிகிராம் பரசிட்டமோலை, பெரியவர்கள் 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் எடுக்கக் கூடாது. கூடினால் ஈரல் பழுதாகும்.