சின்னத்துக்குப் பின்னால் நிற்பவர்கள்

சாலாக் செலாத்தான் நிலையத்தில் கொமுட்டர் இரயில் ஏறினால், செபூத்தே, மிட்வேலி நிலையங்களைக் கடந்து கேஎல் சென்ட்ரலை அடையலாம். அதை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில்தான் உலகச் சாரணர் இயக்கத்தின் செயலகம் அமைந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பல்லாண்டுகள் இயங்கிய அந்தச் செயலகத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றும் முடிவு 2013ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இது மலேசியாவுக்குப் பெருமை சேர்த்த செய்தியாகும். எனினும், சாலாக் செலாத்தானில் வாழும் ஒரு மாணவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தர அந்தச் செயலகத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். அதற்கு, சனிக்கிழமைக் காலையில் பள்ளித் திடலுக்கு வரும் ஓர் ஆசிரியரோ பெற்றோரோ முன்னாள் மாணவரோ தேவை.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாமை நடத்தினார். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகத் தங்கினர். அவர்கள் நான்கு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவையும் ஒரு சிறுவனே வழிநடத்தினான். பெரியவர்கள் வழிகாட்டினர், சிறுவர்கள் செய்து கற்றனர். இந்த முறையே இன்றுவரை சாரணர் பயிற்சியின் அடிப்படையாக உள்ளது. 1908ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிய சாரணர் இயக்கம், பின்னர் தீபகற்பம் முழுவதும் பரவியது.

சாரணர் பயிற்சி ஏணியைப் போன்றது. மலேசியாவில், தொடக்கப்பள்ளிச் சாரணர்கள் உறுப்பியச் சின்னத்தைப் பெற்றபின் வெண்கலக் கெரிஸ், வெள்ளிக் கெரிஸ், தங்கக் கெரிஸ் என ஒவ்வொரு படியாக ஏறுகின்றனர். இடைநிலைப்பள்ளியில் தேர்வுகள் கடினமாகின்றன. முதலுதவி, முகாம் அமைத்தல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி அறிதல், சமூகச் சேவை போன்றவற்றில் மாணவர்கள் தேர்ச்சி பெற வேண்டும். இளையோர் அடையக்கூடிய மிக உயரிய படி, ‘பெங்காக்காப் ராஜா’ எனப்படும் அரசச் சாரணர் விருதாகும். அதற்கு வயது வரம்பு உண்டு. ஆகவே, இரண்டாம் படிவத்தில் வீணாகும் ஓர் ஆண்டு, ஐந்தாம் படிவத்தில் ஒரு மாணவனின் வாய்ப்பையே பறித்துவிடலாம்.

ஆண்டுகள் வீணாவதற்கு மாணவரின் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. ஒரு மாணவி முதலுதவிப் பாடத்தை நன்கு கற்றிருக்கலாம். ஆனால், அவளைச் சோதித்து, தேர்ச்சியைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிடத் தகுதியுள்ள ஒருவர் வேண்டும். முகாமுக்குப் போக விரும்பும் பத்து மாணவர்கள் இருக்கலாம். உடன் சென்று தங்கப் பெரியவர்கள் இல்லையென்றால் அந்த முகாம் நடவாது. பாடச்சுமை மிகுந்த ஒரே பொறுப்பாசிரியரால் எல்லாவற்றையும் செய்ய இயலாது.

இந்த இடைவெளியை நிரப்புபவர்களே தன்னார்வலர்கள். அவர்கள் அனைவரும் முன்பு சாரணர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. தாதியாகப் பணிபுரியும் ஒரு தாய், காயத்திற்குக் கட்டுப்போடும் முறையைக் காட்டலாம். தீயணைப்பு வீரர் ஒருவர் தீத்தடுப்பைப் பற்றி விளக்கலாம். உணவுக்கடை நடத்தும் தந்தை ஒருவர், முப்பது பேருக்குச் சமைக்க எவ்வளவு அரிசி வேண்டும் என்று கணக்கிடக் கற்றுத்தரலாம். மாதத்தில் ஒரு காலைப்பொழுது கிடைத்தாலே ஒரு குழு முன்னேறும்.

உதவிக்கும் ஓர் எல்லை உண்டு. மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டி மேசை செய்யும் மாணவனின் முடிச்சு தளர்ந்தால், அதைப் பிடுங்கித் தாமே கட்டிவிடுவது எளிது. அப்படிச் செய்தால் மேசை நிற்கும். மாணவன் ஒன்றையும் கற்றிருக்க மாட்டான். “எந்த இடத்தில் தளர்கிறது, பார்” என்று கேட்டுவிட்டுப் பொறுமையுடன் காத்திருப்பவரே நல்ல வழிகாட்டி. இரக்கப்பட்டுக் கையொப்பமிடுவதும் உதவியாகாது. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்திற்கும் புள்ளிகள் உண்டு என்பதால், சின்னத்தை விரைந்து பெற்றால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. முதலுதவிச் சின்னம் அணிந்த ஒருவர், விபத்து நடந்த இடத்தில் கைபிசைந்து நின்றால் அச்சின்னத்தால் என்ன பயன்?

பெரியவர்களுக்கும் பயிற்சி உண்டு. 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் சாரணத் தலைவர்களுக்கான முதல் பயிற்சி நடைபெற்றது. அதை முடித்தவர்கள் தோல் வாரில் கோத்த சிறு மரமணிகளைப் பெற்றனர். மலேசியச் சாரணர்கள் இப்பயிற்சியை ‘மணிக்காயு’ என்று அழைக்கின்றனர். பிள்ளைகளின் பாதுகாப்பும் தன்னார்வலர்கள் கற்கவேண்டிய ஒன்று. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையுடன் பிறர் பார்வைக்கு எட்டாத இடத்தில் தனித்திருத்தல் கூடாது. இத்தகைய விதிகள் பிள்ளைகளையும் காக்கின்றன. நேர்மையான தன்னார்வலர்களையும் காக்கின்றன.

சட்டையில் தைக்கப்படும் சின்னம் மாணவரின் உழைப்புக்குக் கிடைக்கும் பரிசு. அந்த உழைப்பு உரிய காலத்தில் சோதிக்கப்பட்டு ஏற்கப்படுவதற்கு வட்டாரத்துப் பெரியவர்கள் தங்கள் நேரத்தைத் தர வேண்டும். இன்று படியேறும் மாணவர், பள்ளியை விட்டுச் சென்றபின் அதே திடலுக்குத் திரும்பி வந்து, இளையவர் ஒருவருக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தரலாம். இவ்வாறு திரும்பி வருபவர்களால்தான் ஒரு சாரணர் குழு தலைமுறை கடந்து நிலைக்கிறது.