வெட்டின் விளிம்பில் எழும் சூடு

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறித்தால், முறிந்த முனை விரலைச் சுடும். திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் உலோகம் முறியும் சோர்வை வெப்பப் படத்தால் ஆராயும் முறைக்கு அந்தச் சூடுதான் வித்து. புதிதாகப் படிப்பவரை ஏமாற்றுவதும் அதுவே. கேமரா சிவப்பாகக் காட்டும் இடமே தகைவு மிகுந்த இடம் என்று முடிவுகட்டிவிடாதே. சூடு எவ்வளவு என்பதைவிட, அது சுமையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, இறங்காமல் சேர்கிறதா என்று பார்.

அகலமான தகட்டில் வட்டத் துளையிட்டு இழுத்தால், துளை விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும். கூரான வெட்டில் இன்னும் மிகும். 1842இல் வெர்சாய் ரயில் அச்சு முறிந்து பலர் மாண்டனர். பருமன் மாறும் கழுத்தில்தான் அச்சுகளில் விரிசல் பிறக்கிறது என்று அடுத்த ஆண்டே பொறியாளர் ரேங்கின் எழுதினார். அந்தக் கழுத்தும் ஒருவகை வெட்டுதான். இனிச் சூட்டுக்கு வருவோம். எஃகை இழுத்தால் அது சற்றே குளிரும், அமுக்கினால் சூடேறும். இயற்பியலாளர் கெல்வின் கணக்கிட்டுச் சொன்ன விளைவு இது. 1 மெகாபாஸ்கல் தகைவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகெல்வின்தான். சுமை நீங்கினால் இதுவும் நீங்கிவிடும். வெட்டின் அடியில் உலோகம் நிரந்தரமாக நெளியத் தொடங்கினால் பிறக்கும் சூடோ திரும்பாது, சுற்றுக்குச் சுற்று சேரும். சுமையைப் படிப்படியாகக் கூட்டும்போது இந்தச் சேர்மானம் சட்டென்று செங்குத்தாக ஏறும் இடத்தைச் சோர்வு எல்லையாக, அதாவது எத்தனை சுற்று ஓட்டினாலும் மாதிரி உடையாத உச்ச அளவாகக் கொள்ளலாம் என்பது இத்தாலியர்களான லா ரோசாவும் ரிசிதானோவும் 2000இல் முன்வைத்த வழி. வழக்கமான சோதனையில் நொடிக்கு 20 சுற்று வீதம் ஒரு கோடிச் சுற்று ஓட்ட, ஒரே மாதிரிக்கு ஆறு நாள் ஆகும். இந்த வழியில் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

“நெளியும் பகுதியோ மிகச் சிறியது, எஃகோ வெப்பத்தைக் கடத்திவிடும், கேமரா காண்பது கலங்கிய படம்தானே?” என்பாய். நியாயமான கேள்வி. நொடிக்கு ஒரு சுற்று என்றால், துடிக்கும் வெப்பம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பரவும். 20 சுற்று என்றால் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஆகவே வேகமாக ஓட்டு. ஆனாலும் வெட்டின் அடிவளைவு அதைவிடக் கூர்மையானால் உச்சத் தகைவு குறைவாகவே பதிவாகும். அதை முழுதாகச் சரிசெய்ய எந்த மென்பொருளாலும் ஆகாது. பளபளப்பான எஃகு சுற்றுப்புறத்தைக் கண்ணாடிபோல் எதிரொளிக்கும் என்பதால் மெல்லிய மங்கல் கறுப்பு பூசு. பிடிகளிலிருந்து வரும் சூட்டைக் கழிக்க, சுமையேறாத துண்டு ஒன்றையும் பக்கத்திலேயே வை.

இப்படிக் கிடைக்கும் எல்லை ஒரு மதிப்பீடுதான். சில மாதிரிகளையாவது உடையும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அதை எழுது.

அன்புடன்,
அண்ணன்