ஓடும் வீட்டில் குளிரும் வெப்பமும்

தில்லியில் குடியேறிய நமக்குக் கோடை, குளிர் இரண்டுமே கடுமையானவை. இரண்டையும் சமாளிக்கும் முறையை ரயில் பெட்டியிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

சாணக்யபுரியில் 1977ல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், 1899ல் உருவான மைசூர் மகாராஜாவின் சலூன் வண்டி உள்ளது. அது ஓர் ஓடும் வீடு. அந்நாளில் ரயிலின் முதல் வகுப்பில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வெப்பத்தைத் தணித்தார்கள். 1934ல் ஃப்ரண்டியர் மெயிலில் ஒரு புதுமை வந்தது. பெட்டியின் அடியில் பனிக்கட்டிகளை அடுக்கி, அவற்றின் மீது பட்ட காற்றை விசிறியால் உள்ளே செலுத்தினார்கள்.

'டன்' என்றால் என்ன?

பனிக்கட்டி உருகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி இழுக்கும் வெப்பமே 'ஒரு டன்' திறனாகும். அதாவது சுமார் 3,500 வாட். உங்கள் வீட்டு ஏ.சி.யில் எழுதியிருக்கும் டன் இதுதான், எடையன்று.

ஓய்வாக இருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியில் 72 பேர் இருந்தால், அவர்களின் உடல் வெப்பத்தை நீக்க மட்டுமே இரண்டு டன் தேவை. வெயிலில் காயும் கூரை, உள்ளே வரும் வெளிக்காற்று ஆகியவற்றின் வெப்பம் தனி.

வெளிக்காற்று ஏன்?

மூடிய பெட்டியில் மூச்சுக்காற்று கெடும். ஆகவே குளிரூட்டிய காற்றுடன் சிறிதளவு வெளிக்காற்றையும் கலந்தே அனுப்புகிறோம். குளிர்காலத்தில் காற்றை மின்சார ஹீட்டரால் சூடாக்குகிறோம். பயணிகள் இருக்கும் இடத்தில் எதையும் எரிப்பதில்லை.

வீட்டில் நாம் மறப்பது இதைத்தான். ஜனவரி இரவில் கதவு, ஜன்னலைச் சாத்தி அங்கீட்டியில் கரி மூட்டித் தூங்குவது உயிருக்கு உலை வைப்பதாகும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாக அது இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத குளியலறையில் உள்ள கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு.

படுக்கையறைக்கு மின்சார ஹீட்டரே நல்லது. 2,000 வாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். கரியோ கேஸோ எரியும் இடத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். 112 எண்ணை அழையுங்கள். ஊரிலிருந்து குளிர்காலத்தில் வந்து தங்கும் பெரியவர்களுக்கும் இதைத் தவறாமல் சொல்லி வையுங்கள்.