தேசிக்காய் மின்கலமும் அறிக்கையும்

தேசிக்காயில் செப்புத் தகட்டையும் நாகத் தகட்டையும் தொடாமல் குத்தி, வோல்ற்றுமானியை இணைத்தோம். வாசிப்பு 0.9 வோல்ற்று. "1.1 என்று எழுதேன், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கு" என்றாள் தோழி. நான் 0.9 என்றே எழுதினேன். 1.1 தானியல் கலத்துக்குரியது. அங்கே செப்புத் தகடு செப்புசல்பேற்றுக் கரைசலில் நிற்கும். தேசிக்காயில் செப்பு அயன்கள் இல்லை. சாற்றின் ஐதரசன் அயன்களே இலத்திரன்களை ஏற்கின்றன.

டோர்ச் பல்ப் எரியவில்லை. அதுவும் அவதானந்தான், எழுத வேண்டும். பழத்தின் அகத்தடை பெரிது, ஆகவே ஓட்டம் மிகச் சிறிது என்ற காரணம் கலந்துரையாடலில் வரட்டும். மின்னைப் பழம் தருவதாகப் பலர் எழுதுகிறார்கள். கரைந்து இலத்திரன்களைக் கொடுப்பது நாகம். வீட்டில் செய்து பார்க்கும் பெற்றோரே, அந்தத் தேசிக்காயைச் சர்பத்துக்குப் பிழிந்துவிடாதீர்கள்!