லீவர் நகரல, வண்டி நகர்ந்துச்சு!

இந்த மாதப் பாடம் ஒரு டீக்கடையில் தொடங்குகிறது.

போன பொங்கல் லீவுல குடும்பத்தோட கொல்லிமலை போயிருந்தோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது சித்தப்பா ஓட்டினார். பெரிய கியர்ல விட்டுட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தார். பாதி வழியில் ஒரு டீக்கடை. ரோட்டோரச் சரிவிலேயே நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அவர் பொண்ணு, எங்க குட்டித் தங்கச்சி, பின் சீட்டில் தூங்கிட்டு இருந்தா. "எழுப்பாதீங்க, பாவம்"னு சித்தி சொன்னாங்க. நாங்க மட்டும் இறங்கினோம்.

டீ குடிச்சு, ரெண்டாவது பஜ்ஜியைக் கையில் எடுக்கும்போது வண்டி நகர ஆரம்பிச்சுது. சத்தமே இல்லை. சித்தப்பா டம்ளரைப் போட்டுட்டு ஓடினார். இருபது அடி தள்ளி ரோடு வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லியில் முன் சக்கரம் ஏறி, வண்டி தானா நின்னுது. தங்கச்சி முழிக்கவே இல்லை. ஜல்லிக்கு அந்தப் பக்கம் அடுத்த வளைவு.

"யாரோ லீவரை இறக்கி விட்டுட்டாங்க"ன்னார் சித்தப்பா. நான் எட்டிப் பார்த்தேன். லீவர் அவர் இழுத்த இடத்துலயே இருந்துச்சு.

அன்னையிலிருந்து வீட்டில் ஒரே பட்டிமன்றம். "இனிமே வாங்கினா பட்டன் பிரேக் வண்டிதான்" என்கிறார் சித்தப்பா. "பேட்டரி போச்சுன்னா என்னடா பண்ணுவ? கம்பிதான்டா நம்பிக்கை" என்கிறார் அப்பா. ரெண்டு பேர் சொல்றதிலும் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியை நம்ம பாடப் புத்தகத்தை வெச்சே கண்டுபிடிக்கலாம், வாங்க.

எவ்வளவு பிடி வேணும்?

கார்களுக்கான ஐ.நா. பிரேக் விதியான ஆர்13-எச் சொல்வது இது: முழு லோடோடு இருக்கும் காரை, ஏற்றமோ இறக்கமோ, 20 சதவீதச் சரிவில் பார்க்கிங் பிரேக் மட்டுமே பிடிச்சு நிறுத்தணும். கை லீவர் என்றால் அதற்கு 400 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது.

ஆட்களோடு சேர்த்து வண்டி 1500 கிலோன்னு வெச்சுப்போம். 20 சதவீதச் சரிவு என்றால் கோணம் சுமார் 11.3 டிகிரி. அதன் சைன் மதிப்பு 0.196. ஆக, வண்டியைக் கீழே இழுக்கும் விசை 1500 × 9.81 × 0.196, அதாவது சுமார் 2900 நியூட்டன். டயர் ஆரம் 0.3 மீட்டர் என்றால் முறுக்கு விசை 870 நியூட்டன் மீட்டர். பின் சக்கரம் ரெண்டும் பங்கு போட்டால் ஆளுக்கு 435.

பின்னாடி டிஸ்க் பிரேக், உராய்வுக் குணகம் 0.35, பேட் பிடிக்கும் ஆரம் 0.11 மீட்டர் என்று எடுத்துக்கலாம். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேட் இருப்பதால் 435-ஐ (2 × 0.35 × 0.11) ஆல் வகுக்கணும். சுமார் 5600 நியூட்டன் வரும். ஒவ்வொரு காலிப்பரும் இவ்வளவு விசையோடு டிஸ்க்கைக் கவ்வியிருந்தால்தான் வண்டி நிற்கும். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

லீவர் என்ன செய்யுது?

நீங்க 200 நியூட்டன் விசையோடு இழுக்கிறீங்க. லீவர் அதை 7 மடங்காக்கினால் கேபிளில் 1400. ஈக்வலைசர் அதை ரெண்டாகப் பிரித்து, சக்கரத்துக்கு 700 அனுப்பும். காலிப்பருக்குள் இருக்கும் குட்டி நெம்புகோல் அமைப்பு, இழப்பெல்லாம் போக இன்னும் 8 மடங்கு பெருக்கினால் 5600. கணக்கு சரியா வந்துடுச்சு. ஆனா சரியா வந்திருக்கு, அவ்வளவுதான். கையிருப்பு எதுவும் இல்லை.

லீவரின் அடியில் 'டக் டக்'னு சத்தம் போடுவது பல்சக்கரமும் அதில் மாட்டும் கொக்கியும். அது லீவர் இருக்கும் இடத்தை மட்டும்தான் பூட்டுது. அந்தப் பக்கம் காலிப்பரில் விசை 5600 இருக்கா, 4000 ஆயிடுச்சான்னு கொக்கிக்குத் தெரியாது. கேபிள் நாள்பட நீண்டு போனாலும் தெரியாது. டீக்கடையில் நடந்ததும் இதுதான்.

சூடு ஆறினா என்ன ஆகும்?

மலை இறங்கும்போது மிதிச்சுக்கிட்டே வந்தால் டிஸ்க் நல்லா சூடாகும். சூடான வார்ப்பிரும்பு விரியும். அதன் விரிவுக் குணகம் டிகிரிக்கு சுமார் 11 மைக்ரான், ஒரு மீட்டருக்கு. 10 மி.மீ. தடிமன் உள்ள டிஸ்க் 250 டிகிரி ஆறினால் 0.0275 மி.மீ. மெலியும். அதோடு சேர்ந்து பேடும் சுருங்கும். "இவ்வளவுதானா?"ன்னு தோணும். ஆனா காலிப்பர், பேட், கேபிள் எல்லாம் ஸ்பிரிங் மாதிரி. இழுத்த அளவுக்குத்தான் விசை. டிஸ்க் மெலிந்தால் அந்த ஸ்பிரிங் தளரும், கவ்வும் விசை குறையும். தேவைக்கு மேல கையிருப்பு இல்லாத பிடி என்றால், குறைகிற கொஞ்சமே போதும், வண்டி கிளம்பிடும்.

டிரம் பிரேக்கில் கதை தலைகீழ். சூட்டில் டிரம் வெளிப்பக்கமா விரியும். ஆறும்போது உள்ளே இருக்கும் ஷூ மேல் சுருங்கி, பிடி இறுகத்தான் செய்யும். சித்தப்பா இதுக்கு முன்னாடி பல வருஷம் ஓட்டினது பின்னாடி டிரம் உள்ள வண்டி. "இப்படித்தான் இத்தனை வருஷம் நிறுத்தினேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு அவர் புலம்பியதில் அர்த்தம் இருக்கு.

பட்டன் என்ன செய்யுது?

எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், சுருக்கமா இ.பி.பி. 2001-ல் வந்த பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் இதைக் கொண்டுவந்த ஆரம்பகாலக் கார்களில் ஒன்று. ஒரு வகையில் மோட்டார் கேபிளை இழுக்கும். இன்னொரு வகையில் காலிப்பர் மேலேயே குட்டி மோட்டார் இருக்கும். அது பல்சக்கரங்கள் வழியா ஒரு திருகைச் சுற்றி பிஸ்டனைத் தள்ளும். பேட் டிஸ்க்கைக் கவ்வ ஆரம்பித்ததும் மோட்டார் கஷ்டப்படும், இழுக்கும் கரண்ட் ஏறும். கண்ட்ரோலர் அந்தக் கரண்ட்டைப் பார்த்து விசையைக் கணிச்சு, போதும்னு ஆனதும் நிறுத்திடும்.

அப்புறம் பிடிச்சு நிற்க கரண்ட் வேணாம். பவர் ஸ்க்ரூ பாடம் ஞாபகம் இருக்கா? திருகின் ஏற்றக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவா இருந்தால் அது தானா பின்னால் சுற்றாது. செல்ஃப் லாக்கிங். அதனால அப்பா பயப்படுவது போல, பேட்டரி போனால் பிரேக் விட்டுடாது. பிரச்சினை எதிர்ப்பக்கம்: போட்ட பிரேக்கை எடுக்க முடியாது. ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி கரண்ட் கொடுக்கணும். லீவர் வண்டி என்றால் இறக்கி விட்டுட்டு நாலு பேர் சேர்ந்து தள்ளிடலாம்.

இப்போ முக்கியமான விஷயம். மோட்டார் நின்ற பிறகு இ.பி.பி.யும் ஒரு இடத்தில் பூட்டிய திருகுதான். டிஸ்க் ஆறினால் இதுவும் தளரும். ஆனா பல கார்களில் கண்ட்ரோலர் டிஸ்க்கின் சூட்டைக் கணிச்சு, சில நிமிஷம் கழித்து மறுபடி இறுக்கும். நிறுத்திட்டு வந்த காரிலிருந்து கொஞ்ச நேரம் கழித்து 'விர்ர்'னு ஒரு சத்தம் கேட்டால், அது பெரும்பாலும் இந்த வேலைதான். சித்தப்பாவின் லீவர் செய்யாததும் இது ஒண்ணுதான்.

தினசரி ஓட்டத்தில்

ஓடும்போது கால் பிரேக் கைவிட்டால்: லீவரைப் படார்னு இழுத்தால் பின் சக்கரம் மட்டும் பூட்டி வண்டி சுழலும். பட்டனை அழுத்திப் பிடிச்சபடியே, கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். இ.பி.பி. வண்டியில் சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடிக்கணும். பெரும்பாலான கார்களில் ஈ.எஸ்.சி. அமைப்பே நாலு சக்கரத்துக்கும் பிரேக் போட்டுக் கட்டுப்பாட்டோடு நிறுத்தும்.

ஆட்டோ ஹோல்டு: இது பார்க்கிங் பிரேக் இல்லை! சிக்னலில் ஹைட்ராலிக் அழுத்தத்தால் பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். இறங்கும்முன் சிவப்பு பார்க்கிங் பிரேக் விளக்கு எரியுதான்னு பாருங்க.

பின் பேட் மாத்தும்போது: காலிப்பரில் மோட்டார் உள்ள வண்டியில் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அமுக்காதீங்க. முதலில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகணும், இல்லாட்டி உள்ளே இருக்கும் அமைப்பு கெட்டுடும்.

அப்போ எது நல்லது? மறந்துபோகும் மனுஷனுக்கு, சூடான டிஸ்க்குக்கு, இ.பி.பி. பேட்டரி போன ராத்திரிக்கும் பிரேக்கைக் கையால் அளந்து போடவும் லீவர். ஆனா சரிவில் இது ரெண்டுமே ஒரே ஒரு பிடிதான். அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

சரிவில் நிறுத்தும்போது:

1. கால் பிரேக்கை அழுத்தமா மிதிச்சுக்கிட்டே பார்க்கிங் பிரேக் போடுங்க.

2. நியூட்ரலில் காலை மெதுவா எடுத்துப் பாருங்க. வண்டி பார்க்கிங் பிரேக் மேல் உட்காரணும்.

3. திரும்பக் கால் பிரேக்கை மிதிச்சு கியர் போடுங்க. மூக்கு மேட்டைப் பார்த்தால் ஒண்ணாவது, பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'.

4. மலை ரோட்டில், உருண்டால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவரில் போய் முட்டுகிற மாதிரி முன் சக்கரத்தைத் திருப்பி வைங்க.

5. உருளக்கூடிய பக்கம் சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுங்க. லாரி டிரைவர்கள் செய்வதைப் பார்த்திருப்பீங்க. அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

6. எந்தப் பிரேக்கா இருந்தாலும், சரிவில் நிற்கும் வண்டிக்குள் குழந்தையை விட்டுட்டு இறங்காதீங்க.

வீட்டுப்பாடம் ஒண்ணு. இன்னைக்கு சாயங்காலம் வீட்டு வண்டியின் லீவரை இழுத்து எத்தனை 'டக்'னு எண்ணுங்க. மேனுவலில் உள்ள எண்ணைவிட அதிகமா இருந்தால் கேபிளை மெக்கானிக்கிடம் காட்டுங்க. நாங்க ஊருக்கு வந்ததும் எண்ணினோம், மூணு 'டக்' கூட இருந்துச்சு. சித்தப்பா ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில் கேபிளை டைட் பண்ணிட்டு வந்தார். டிக்கியில் இப்போ எப்பவும் ரெண்டு செங்கல் இருக்கு.