கடின நீரும் ஒரு ஹீட்டர் ராடும்

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, வாளி நீரில் போட்டிருந்த ஹீட்டர் ராடை அணைக்காமலேயே, நீர் சுட்டுவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்தார். மறுகணம் அலறிக்கொண்டு கீழே விழுந்தார். நல்லவேளையாகக் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. கை மட்டும் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. ராடைப் பார்த்த எலெக்ட்ரீஷியன் அண்ணன், “ராடு மேல குத்தம் இல்ல பாப்பா, தண்ணி மேலதான் குத்தம்” என்றாராம்.

அந்த ராடைச் செய்தித்தாளில் சுற்றி அவள் வகுப்பிற்கே கொண்டுவந்துவிட்டாள். அதன் மேல் பழுப்பு வெள்ளையாக, எலும்பைப் போல் ஒரு படிவு. ஓரிடத்தில் படிவு பெயர்ந்து, அதனடியில் உலோக உறை வெடித்திருந்தது. வேதியியல் கற்பிக்கும் சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுதான் இந்த வாரப் பாடம்” என்றார்கள். இக்கட்டுரை அப்படிப் பிறந்ததே.

முதலில் படிவைச் சுரண்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டோம். நுரைத்துப் பொங்கியது. வந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்த, அது பாலாயிற்று. வாயு கார்பன் டை ஆக்சைடு. ஆகவே படிவில் இருப்பது கார்பனேட்டு. குழாயில் வரும்போது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட்டு, சூடு பட்டதும் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிற்கு இது நெருங்கிய உறவு.

அடுத்து சோப்புச் சோதனை. ஐப்பசி மழையில் மாடியில் பிடித்துவைத்த நீர், மெட்ரோ குழாய் நீர், ஒரு வீட்டுப் போர் நீர் ஆகிய மூன்றையும் சம அளவில் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினோம். மழை நீர் ஐந்தாறு சொட்டிலேயே நுரை கட்டியது. மெட்ரோ நீருக்குக் கூடுதலாக வேண்டியிருந்தது. போர் நீருக்கோ எண்ணி எண்ணிக் கை அலுத்துப்போனது. நுரைக்குப் பதில் தயிர்த் திப்பி போன்ற அழுக்கே மிதந்தது. அதே போர் நீரைக் கொதிக்க வைத்து வடிகட்டி மறுபடி சோதித்தபோது சொட்டுகள் குறைந்தன. ஆயினும் மழை நீரின் அளவிற்கு இறங்கவில்லை. கொதித்தபின் நீங்கியது தற்காலிகக் கடினத்தன்மை. எஞ்சியது சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் வரும் நிரந்தரக் கடினத்தன்மை. சலவைச் சோடாவைக் கரைத்து வடிகட்டிய பிறகுதான் அதுவும் வழிக்கு வந்தது.

எங்கள் அம்மாமார்களுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. “போர் தண்ணியில் பருப்பு வேகாது” என்று அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. பருப்பின் உயிரணுச் சுவரிலுள்ள பெக்டினைக் கால்சியம் இறுகப் பிணைத்துவிடுகிறது. தேற்றான்கொட்டை உரைத்தால் சரியாகிவிடும் என்றாள் ஒருத்தி. அது கலங்கலைத் தெளியவைக்குமே தவிர, கரைந்த உப்பை நீக்காது.

ராயபுரத்துப் போர் நீர் ஏன் இப்படி? நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் சமையல் உப்பு நீரைக் கடினமாக்குவதில்லை. கால்சியமும் மக்னீசியமுமே அதைச் செய்கின்றன. கடல் நீரில் மூன்றும் உண்டு. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் கடல் நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 6000 மில்லிகிராமுக்கு மேல். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 200. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுக்கலாம் என்கிறது. எனவே நிலத்தடி நீரில் பத்தில் ஒரு பங்கு கடல் நீர் கலந்தாலே அந்த 600-ஐ எட்டிவிடும். வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் பயிருக்குமாக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால், 1960-களின் இறுதியிலிருந்தே கடல் நீர் உள்ளே புகுந்து வருவது கண்டறியப்பட்டது. 2010-இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால் விந்தையாக இருக்கிறது.

ஒரு காலத்தில் எங்கள் பக்கத்திலேயே நல்ல நீர் இருந்தது. கோட்டைக்கு நீர் தர 1772-இல் அமைத்த ஏழுகிணறு இங்கிருந்து தொலைவில் இல்லை. கம்பெனியாரின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை என்று பெயர். சோப்பு நுரைக்காத நீரை வைத்துக்கொண்டு அந்தத் தொழில் நடந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்தே வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. நீராவி எஞ்சினுக்கும் கடின நீர் பகைதான். கொதிகலனில் படிவு தடித்தால் நெருப்பின் சூடு நீருக்கு எட்டாமல் உலோகம் மட்டும் பழுக்கக் காயும். சில வேளை வெடிக்கவும் செய்யும். ஆகவே கொதிகலன்களை அடிக்கடி கழுவினார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், சுண்ணாம்பையே சேர்த்து நீரின் சுண்ணாம்பை வீழ்த்தும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுப்பது இதுதான்!

தோழியின் ராடிலும் நடந்தது கொதிகலன் கதையே. லிட்டருக்கு 300 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் வாளியில் நாலரைக் கிராம். நாளுக்கு ஒரு வாளி என்றால் மாதத்திற்கு 135 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே ஒட்டினாலும் 13 கிராமுக்கு மேல். படிவு கடத்தாத போர்வையாகி, உள்ளே கம்பிச்சுருள் அளவுக்கு மீறிக் காய்ந்து, உறை வெடித்து, மின்சாரம் நீரில் இறங்கிவிட்டது. இதனால் கரண்டு செலவு இருமடங்காகும் என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. ராடு நீருக்குள்ளேயே இருப்பதால் சூடு கடைசியில் நீருக்குத்தான் போகும்; கெடுவது ராடு. அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில்தான் சூடு பக்கவாட்டில் தப்பி எரிவாயு வீணாகும்.

வாஷிங் மெஷினிலும் நீரைச் சுடவைக்கும் பாகம் இருந்தால் இதே கதி. இல்லாவிட்டாலும் பவுடர் அதிகம் செலவாகும். ஷவரின் துளைகள் அடைபடும். ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வும் அடைபடும். குடிப்பவருக்குக் கடின நீரால் பெரிய கேடில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பரிகாரம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. ராடின் இணைப்பைப் பிடுங்கி, ஆறவிட்டு, தலைப்பாகம் நனையாமல் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் படிவு நுரைத்துக் கரையும். கத்தியால் சுரண்டக் கூடாது; உறை கீறிவிடும். கழிவறை ஆசிட் கூடவே கூடாது. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் நீரைத் தொடலாகாது. வீட்டில் மின்கசிவைக் கண்டு தானே அணையும் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் பாட்டி விழுந்திருக்க மாட்டார் என்றார் எலெக்ட்ரீஷியன். அதை இப்போது அவர்கள் பொருத்திவிட்டார்கள்.

புது ராடும் வாங்கியாயிற்று. பாட்டி மட்டும் அதன் அருகே போவதில்லை; கேஸ் அடுப்பில் குண்டானை வைத்தே வெந்நீர் போடுகிறார். போன வாரம் நாங்கள் போய்ப் பார்த்தபோது, அந்தக் குண்டானின் அடியிலும் வெள்ளை கட்டத் தொடங்கியிருந்தது.