விழித்திருக்கும் வல்லுநர்

கற்கும் முன்

ஆபத்து நேரும் இடத்தில், அதனைக் கையாளத் தெரிந்த வல்லுநர் இல்லாமற்போகலாம். அவருடைய பட்டறிவை முன்கூட்டியே கணினியில் சேமித்துவைக்க இயலுமா? இவ்வினாவிற்கு அறிவியலாளர் கண்ட விடையை இப்பாடத்தில் காண்போம்.

ஓடையை நோக்கி ஓடும் நஞ்சு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் உள்ளது. அதன் கட்டடங்களிலிருந்து வரும் வடிகால்கள் ஒயிட் ஓக் என்னும் ஓடையில் சேர்கின்றன. அவ்வோடை கிளிஞ்ச் ஆற்றில் கலக்கின்றது. ஆய்வகத்தில் எண்ணெயோ அமிலமோ சிந்தினால் அது ஆற்றை நோக்கிச் செல்லும். சிந்திய பொருள் யாது? அளவு எவ்வளவு? எக்கட்டடத்திலிருந்து வந்தது? அதனை எங்கே தடுப்பது? இவற்றிற்கு விரைந்து விடை கூறப் பட்டறிவு வேண்டும். அத்தகைய பட்டறிவு உடையோர் எங்கும் சிலரே. அவர்கள் இல்லாத வேளையிலும் கசிவு நேரலாம்.

இச்சிக்கலையே 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சான் டியேகோவில் கூடிய கணினி அறிவியலாளர் எடுத்துக்கொண்டனர். எட்டுக் குழுவினர் தத்தம் மென்பொருள் கருவியைக் கொண்டு, ஒரே சிக்கலுக்குத் தீர்வு காண முயன்றனர். ஆய்வக வல்லுநர் கூறிய வழிமுறைகளை விதிகளாக எழுதினர். இவ்வாறு ஒரு துறையின் பட்டறிவை விதிகளாகக் கொண்டு முடிவு கூறும் கணினி நிரலே வல்லுநர் அமைப்பு ஆகும்.

செயற்படும் முறை

வல்லுநர் அமைப்பிற்கு இரு பகுதிகள் உண்டு. விதிகளைச் சேமித்துவைப்பது அறிவுத்தளம். அவ்விதிகளைக் கோத்து முடிவு காண்பது உய்த்துணர் பொறி. விதிகள் 'எனில்' என்னும் சொல்லால் இணைக்கப்படும். சான்றாக:

1. நீல லிட்மசுத் தாள் சிவப்பாக மாறியது எனில், சிந்திய பொருள் அமிலம்.
2. சிந்திய பொருள் அமிலம் எனில், சுண்ணாம்பு இட்டு நடுநிலையாக்குவதைக் கருதுக.

முதல் விதியின் முடிவே இரண்டாம் விதியின் தொடக்கமாக அமைவதை நோக்குக. கசிவின் பிறப்பிடத்தை அறியவும் இம்முறை உதவும். வடிகால்கள் இரண்டு கூடும் இடத்தில், ஒன்றின் நீர் தூயதாக இருப்பின், அவ்வழியிலுள்ள கட்டடங்கள் அனைத்தையும் விலக்கிவிடலாம். மற்றொன்றின் வழியே மேலே சென்று தேடினால் போதும்.

நல்ல வல்லுநர் அமைப்பு முடிவோடு நின்றுவிடாது. "ஏன்?" என்று வினவினால், எவ்விதிகளின்படி அம்முடிவை எட்டியது என்பதையும் காட்டும். காரணம் தெரிந்தால்தான் அம்முடிவை ஏற்பதா, மறுப்பதா என்று மனிதர் ஆராய இயலும்.

போபால் உணர்த்திய பாடம்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டி, போபால் நகரில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. ஆதலால் தரையையொட்டிப் பரவியது. வெளியேறியது எவ்வாயு, எத்திசையில் ஓடினால் தப்பலாம் என்பதை மக்கள் அறியவில்லை. மருத்துவருக்கும் உரிய செய்தி உரிய நேரத்தில் கிட்டவில்லை. அறிவு எங்கோ இருப்பது மட்டும் போதாது. வேண்டிய கணத்தில், வேண்டியவர் கையில் இருத்தல் வேண்டும்.

இந்தத் தேவையை நிறைவேற்றவே அமெரிக்க அரசு அமைப்புகள் 'கேமியோ' என்னும் மென்பொருள் தொகுப்பை உருவாக்கின. ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களின் தன்மைகளை அதில் காணலாம். இரு பொருள்கள் கலந்தால் நேரக்கூடிய தீங்கையும் அது கூறும். அதனோடு இணைந்த 'அலோகா' என்னும் நிரல், காற்றின் வேகம், திசை முதலியவற்றைக் கொண்டு நச்சு வாயு பரவக்கூடிய பகுதியைக் கணிக்கும்.

எனினும், கணினிக்குக் கொடுக்கப்படாத செய்தியை அது அறியாது. கிடங்கில் உள்ள பொருளைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால், எத்துணைச் சிறந்த அமைப்பும் பிழையான வழியையே காட்டக்கூடும். உண்மையைப் பதிவு செய்வது மனிதரின் கடமை. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.

அருஞ்சொற்பொருள்

பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
உய்த்துணர்தல் – தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிதல்
கோலுதல் – அமைத்தல்

பயிற்சி

1. வல்லுநர் அமைப்பின் இரு பகுதிகள் யாவை?
2. "ஏன்?" என்னும் வினாவிற்குக் கணினி விடை கூறுவது எதனால் இன்றியமையாதது?
3. 'எனில்' சேர்த்து ஒரே தொடராக்குக: வடிகால் நீர் தூயது. கசிவு அவ்வழியே வரவில்லை.
4. உம் பள்ளி ஆய்வகத்திற்கு ஏற்ற பாதுகாப்பு விதிகள் மூன்றினை 'எனில்' அமைத்து எழுதுக.